நெய்யில் மூழ்கிய இந்திரனும் புறவாசல் சிரட்டையும்

மார்கழித் திருவாதிரைக்கு முந்தின நாள் சுசீந்திரத்தில் தேரோட்டம் நடக்கும். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, 1970-களின் பிற்பகுதியில் ஒரு தேரோட்டத்தன்று, கூட்டத்துக்குள் என் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தேர் வடத்தின் மேல் வைத்தவர், எங்கள் வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வருகிற ஒரு பெண்மணி. அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த வடம் என் இரண்டு கைகளுக்கும் அடங்காத பருமன் கொண்டது. அதன் சிலாம்புகள் உள்ளங்கையில் குத்தின. "பிடிச்சுக்கோ பிள்ளே, விட்டுராத" என்று சொல்லி, தம் கையை என் கையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். சேற்றிலேயே கிடந்து வெடித்த விரல்கள் அவை. நகக்கண்களில் எத்தனை தேய்த்தாலும் போகாத கறுப்பு இருந்தது. தேர் அசைந்தபோது எங்கள் இருவர் கைகளும் ஒன்றாகவே முன்னால் இழுபட்டன.

அன்று காலையில்தான் எங்கள் வீட்டுப் புறவாசலில் அவருக்கு நான் தண்ணீர் ஊற்றியிருந்தேன். அவர் தேங்காய்ச் சிரட்டையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு குனிந்து நிற்க, செம்பின் விளிம்பு சிரட்டையில் பட்டுவிடாமல் ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும் என்பது எனக்குச் சொல்லித்தரப்பட்டிருந்தது. குடித்து முடித்ததும் சிரட்டையை அவரே கழுவித் தொழுவத்து ஓலைச் செருகலில் வைத்துவிட்டுப் போவார். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்த அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன்; வா, போ என்றுதான் பேசுவேன். காலையில் ஒரு சாண் விலகியிருக்க வேண்டிய கை, உச்சிப்பொழுதுக்கு முன்பாக என் கைமேல் இருந்தது. இரண்டுக்கும் இடையில் ஏதோ முரண் இருக்கிறது என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. பல ஆண்டுகளாக என்னை வருத்துவது அதுதான்.

சுசி என்றால் தூய்மை. இந்திரன் சுசியடைந்த இடம் ஆகையால் சுசீந்திரம் என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையில், பழையாற்றங்கரையில் இருக்கும் இவ்வூரின் பெயரிலேயே தூய்மை என்ற சொல் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்த நாஞ்சில் நாட்டில் அந்தச் சொல்லை யார் யாரெல்லாம் எதற்கெல்லாம் கையாண்டார்கள் என்று எண்ணிப் பார்க்கும்போது, புராணத்தைக் குறை சொல்வதா, அதை வாசித்தவர்களைக் குறை சொல்வதா என்ற கேள்வி எனக்குள் எழுந்துகொண்டே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஆச்சி அந்தியில் விளக்கேற்றிய பிறகு இந்தக் கதையைச் சொல்வாள். கௌதம முனிவர் ஆற்றுக்குப் போயிருந்த நேரத்தில் அவருடைய உருவத்தில் குடிலுக்குள் நுழைந்தான் இந்திரன். முனிவர் திரும்பி வந்ததும் பூனையாகி நழுவப் பார்த்தான். சாபம் விழுந்தது; உடம்பெங்கும் ஆயிரம் குறிகள் தோன்றின. அகலிகை கல்லானாள். தேவலோகத்தில் முகம்காட்ட முடியாத இந்திரன் ஞானாரண்யம் என்று அப்போது பெயர் பெற்றிருந்த இந்தக் காட்டுக்கு வந்து, தாணுவும் மாலும் அயனும் ஒரே இலிங்கத் திருமேனியாய் நிற்கும் இடத்தில் தவம் கிடந்து, கொதிக்கும் நெய்யில் மூழ்கி எழுந்தான். அவனுடைய உடம்பிலிருந்த குறிகள் கண்களாயின. "செஞ்ச பாவமே அவனுக்குக் கண்ணாட்டு மாறிச்சு மக்களே" என்று ஆச்சி முடிப்பாள். படிப்பு என்று எதுவும் இல்லாதவள். இத்தனை ஆண்டுகளில் இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்வாள். இந்திரன் இன்றும் ஒவ்வோர் இரவும் அர்த்தசாமத்தில் வந்து தாணுமாலயனுக்குப் பூசை செய்கிறான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இரவில் நடைசாத்திய பூசகர் மறுநாள் காலையில் நடைதிறக்க மாட்டார் என்றும், உள்ளே கண்டதை வெளியே சொல்வதில்லை என்று பூசகர்கள் உறுதி எடுப்பார்கள் என்றும் சொல்வார்கள். சிறுவயதில் இது எனக்குப் பயமும் கிளர்ச்சியும் தந்த செய்தி. இப்போது வேறொன்று தோன்றுகிறது. ஒருமுறை நெய்யில் மூழ்கி எழுந்ததோடு இந்திரனின் கணக்கு முடிந்துவிட்டது என்றால் அவன் ஏன் ஒவ்வோர் இரவும் வர வேண்டும்? கதையைக் கட்டியவர்கள் தூய்மை என்பதை முடிந்துபோன காரியமாகக் கருதவில்லை. தேவர்களின் அரசனாகப் பிறந்தவனுக்கும் அது பிறப்போடு வரவில்லை. ஒரு நாள் வேள்வியில் கிடைத்து நிலைத்தும் விடவில்லை. நாள்தோறும் யாரும் பார்க்காத வேளையில் வந்து தன்னைத் தானே துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் கதையைத் தமிழ் மிகப் பழங்காலத்திலிருந்தே விவாதித்து வந்திருக்கிறது. பரிபாடலில் திருப்பரங்குன்றத்துக்கு வரும் மக்கள் அங்கிருந்த ஓவியங்களைச் சுட்டிக்காட்டி, இவன் இந்திரன், இது அவன் எடுத்த பூனையுரு, இவள் அகலிகை, இவர் கௌதமர், அவர் சினந்ததால் இவள் கல்லானது இப்படி என்று ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்கிறார்கள். கோயிலுக்குப் போன இடத்தில் ஒரு தெய்வத்தின் குற்றத்தைப் படமாகப் பார்த்துப் பேசுகிற அந்த மனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஐந்து புலன்களை அடக்கியவனின் ஆற்றலுக்கு இந்திரனே போதிய சான்று என்று திருக்குறள் சொல்ல, பரிமேலழகர் அங்கே கௌதமரின் சாபத்தை நினைவூட்டுகிறார். வான்மீகியின் அகலிகை கல்லாகவில்லை. யார் கண்ணிலும் படாமல் சாம்பலில் கிடக்கிறாள். கம்பர் அவளைக் கல்லாக்குகிறார். வந்தவன் யார் என்பதை அவள் உணர்ந்ததையும் மறைக்காமல் சொல்கிறார். ஆனால் முடிவில் விசுவாமித்திரர் வாயால், 'நெஞ்சினால் பிழைப்பிலாள்' என்று அவளைக் கௌதமரிடம் ஒப்படைக்கிறார். தூய்மையின் இருப்பிடத்தைக் கம்பர் உடம்பிலிருந்து நெஞ்சுக்கு மாற்றிவிட்டார். புராணத்தில் கைவைக்கக் கூடாது என்று இன்று சினக்கிறவர்கள், நம் முன்னோர் தலைமுறைக்குத் தலைமுறை அதில் கைவைத்தே வந்திருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கதை இப்படி விரிந்துகொண்டிருக்க, இதே ஊரில் அதை மிகக் குறுகலாக வாசித்த ஒரு வழக்கமும் இருந்தது. அதன் பெயர் கைமுக்கு. பிறன்மனைத் தொடர்பு கொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி ஆண், சுசீந்திரம் கோயிலுக்கு வந்து, கொதிக்கும் நெய்யில் கையைவிட்டு உள்ளே கிடக்கும் சிறிய காளை உருவத்தை எடுக்க வேண்டும். பிறகு கையைத் துணியால் கட்டி முத்திரையிடுவார்கள். மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்துப் பார்க்கும்போது கை வேகாமல் இருந்தால் அவன் சுத்தன், புண்பட்டிருந்தால் குற்றவாளி. இந்திரன் மூழ்கிய அதே நெய்தான். ஆனால் இந்திரன் தன் குற்றத்தை அறிந்து அதில் இறங்கினான். இவர்கள் குற்றமில்லை என்று நிறுவுவதற்காகக் கையை விட்டார்கள். மனம் திரும்புவதைச் சொன்ன கதை, தோல் வெந்ததா வேகவில்லையா என்று சோதிக்கும் சடங்காகிவிட்டது. திருவிதாங்கூரைச் சுவாதித் திருநாள் மகாராஜா ஆண்ட காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இதற்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது.

ஆணுக்காவது தன் கையை முன்வைக்க ஒரு வாய்ப்பு இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிப் பெண்ணை அஞ்சாம்புரை என்ற தனி அறையில் அடைத்து, விசாரணை முடியும்வரை அவளைச் 'சாதனம்' என்றே குறிப்பிடுவார்கள். ஸ்மார்த்த விசாரம் என்று அழைக்கப்பட்ட அந்த முறையில் அவள் ஒரு பெண்ணாகக்கூட எண்ணப்படவில்லை, ஒரு பொருள். கொச்சி ராஜ்யத்தில் 1905-இல் முடிந்த விசாரணையில் குறியேடத்துத் தாத்ரி என்ற பெண் தன்னோடு தொடர்புகொண்ட ஆண்களை ஒவ்வொருவராக, அடையாளங்களோடு சொன்னாள். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் சாதிவிலக்குப் பெற்றார்கள். அகலிகை கல்லாய்க் கிடந்தாள், தாத்ரி பேசினாள். இந்திரன் அகலிகையிடம் போய் மன்னிப்புக் கேட்டதாக நான் கேட்ட எந்தக் கதையிலும் இல்லை. அவன் முனிவரின் சினத்துக்கு அஞ்சினான், தேவர்களின் முகத்துக்கு வெட்கினான், மும்மூர்த்திகளின் முன் நெய்யில் மூழ்கினான். அவனால் கல்லாய்ப் போனவளிடம் மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இந்தக் கதையில் நான் காணும் பெருங்குறை இது. இதைச் சொல்வதால் என் பக்தி குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

தெருவுக்கு வருவோம். சுசீந்திரத்தில் தேரோடும் வீதிகள் ஒரு காலத்தில் எல்லாருக்கும் உரியவையாக இருக்கவில்லை. வைக்கம் போராட்டம் 1924-25-இல் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1926-இல் சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் எல்லா மக்களும் நடக்க உரிமை கேட்டுச் சத்தியாகிரகம் தொடங்கியது. நாகர்கோவிலில் மருத்துவராக இருந்த டாக்டர் எம். இ. நாயுடு அதை முன்னின்று நடத்தினார். கேட்டது சாமியைத் தொடும் உரிமையை அல்ல, கருவறையை அல்ல. மண் தெருவில் நடக்கும் உரிமையை. அதற்கே அடியும் சிறையும் தேவைப்பட்டன. வடத்தில் என் கையை வைத்த அந்தப் பெண்மணியின் தாயார் சிறுமியாக இருந்த காலத்தில், பழையாற்றின் அக்கரையில் நின்று தென்னைகளுக்கு மேலே நகர்கிற தேரின் உச்சியை மட்டுமே பார்த்திருக்கிறார். தேருக்குச் சக்கரம் எத்தனை என்பதே தம் அம்மைக்கு வயதுக்கு வந்த பிறகுதான் தெரியும் என்று அவர் ஒருமுறை சொன்னார்.

1925 மார்ச்சில் காந்தி கன்னியாகுமரிக்கு வந்தார். கடல் கடந்து இங்கிலாந்து போய்வந்தவர் என்ற காரணத்தால் பகவதி கோயிலின் உட்பகுதிக்கு அவர் அனுமதிக்கப்படவில்லை. தூய்மையின் கணக்கு எவ்வளவு தொலைவு போயிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. பதினோரு ஆண்டுகளில் நிலை மாறியது. 1936 நவம்பர் 12-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேச விளம்பரத்தை வெளியிட்டார். பிறப்பாலோ சாதியாலோ சமூகத்தாலோ எந்த இந்துக் குடிமகனுக்கும் சமயம் தரும் ஆறுதல் மறுக்கப்படக் கூடாது என்று அது சொல்கிறது. அந்தச் சிறிய ஆவணத்தில் நான் திரும்பத் திரும்ப வாசிக்கும் இடம் வேறொன்று. இந்தச் சமயம் நூற்றாண்டுகளாகவே மாறிவரும் காலத்தின் தேவைகளுக்கு ஏற்பத் தன் நடைமுறையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்ற அறிவோடு இந்த முடிவை எடுப்பதாக அதில் ஒரு தொடர் வருகிறது. மாறாதது என்று சொல்லித்தான் அதுவரை கதவை அடைத்திருந்தார்கள். மாறிவருவது என்று சொல்லிக் கதவைத் திறந்தார்கள். 1937 ஜனவரியில் திருவிதாங்கூருக்கு வந்த காந்தி அந்தப் பயணத்தைத் தம் தீர்த்த யாத்திரை என்றே சொன்னார்.

ஆனால் அரசர் கதவைத் திறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, அந்தக் கதவுக்கு வெளியே நின்றிருந்தவர்கள் தூய்மை என்ற சொல்லைத் தங்கள் கையில் எடுத்துவிட்டார்கள். சுசீந்திரத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சாமித்தோப்பில் தோன்றிய அய்யா வைகுண்டர் (1809-1851) தம் மக்களிடம் தலையில் துணி கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று வழிபடச் சொன்னார். மேல்சாதியார் முன் தலைத்துணி கட்டக் கூடாது, தோளில் சீலை போடக் கூடாது என்றிருந்த காலம் அது; தோள்சீலை உரிமைக்கு 1859-இல்தான் அரசு விளம்பரம் வந்தது. அய்யாவழிப் பதிகளில் இன்றும் கண்ணாடியை வைத்து வணங்குகிறார்கள். முன்னால் நிற்கிறவர் தம் முகத்தையே அதில் காண்கிறார். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீரெடுத்தார்கள்.

வாகைப்பதியில் அவருடைய மக்கள் 700 குடும்பங்களாகக் கூடித் துவையல் தவசு இருந்ததை அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு சொல்கிறது. நாள்தோறும் பலமுறை கடலில் குளித்து, உடுத்த துணியைத் தாங்களே துவைத்து, ஒருவேளை உணவோடு, எல்லாரும் ஒரே இடத்தில் வாழ்ந்தார்கள். உன்னால் என் வீதி தீட்டாகிறது என்று சொல்லப்பட்டவர்கள், தூய்மை என்பது என் துணியை நான் துவைப்பது என்று மறுமொழி கூறியிருக்கிறார்கள். இந்திரன் கதையின் உட்பொருளுக்கு இவர்களே மிக நெருக்கமாக வந்தவர்கள் என்று நான் கருதுகிறேன். கைமுக்கை நிறுத்திய அதே சுவாதித் திருநாளின் ஆட்சிதான் வைகுண்டரைத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு கொடுமையைக் கண்டுகொண்ட கண்ணுக்கு அடுத்த கொடுமை தெரியாமல் போவது உண்டு. அதை என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் புறவாசலை ஒட்டி ஓலைச் சாய்ப்பு போட்ட ஒரு திண்ணை உண்டு. மாதத்தில் மூன்று நாள் அம்மாவின் இருப்பு அங்கேதான். 'வீட்டுக்குத் தூரம்' என்பார்கள். அவளுக்கென்று ஒரு பாய், ஒரு தட்டு, வாய் நெளிந்த ஒரு பித்தளைச் செம்பு. நாங்கள் அருகே போகக் கூடாது. ஓடிப்போய்த் தொட்டுவிட்டால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிணற்றடியில் நிற்க வேண்டும். ஒரு வருடம் தேரோட்டத்தன்று அந்த மூன்று நாள் வந்துவிட்டது. நாங்கள் எல்லாரும் புதுத்துணி உடுத்திக் கிளம்பியபோது அம்மா திண்ணைத் தூணில் சாய்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது சிரித்தாள். 1936-இல் திறந்த கதவு எங்கள் வீட்டுப் புறத்திண்ணைக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. ஆச்சிதான் இந்த விதிகளையெல்லாம் கண்காணித்தவள். செய்த பாவமே இந்திரனுக்குக் கண்ணாயிற்று என்று சொன்ன அதே ஆச்சிதான்.

இப்போது இவற்றையெல்லாம் நியாயப்படுத்தும் செய்திகள் உறவினர் குழுக்களில் வாட்ஸ்அப் வழியாக நாள்தோறும் வருகின்றன. தீட்டு என்பது பெண்களுக்கு ஓய்வு தருவதற்காக முன்னோர் செய்த ஏற்பாடு, சட்டையைக் கழற்றுவது கோயிலின் ஆற்றலை உடம்பு நேரடியாகப் பெறுவதற்காக, விலகி நிற்பது நோய்த்தொற்றைத் தடுப்பதற்காக என்று எல்லாவற்றுக்கும் ஓர் அறிவியல் காரணம் ஒட்டப்படுகிறது. படித்தவர்கள்தான் இவற்றை அதிகம் அனுப்புகிறார்கள். அனுப்புகிறவர்களின் உள்நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. தாங்கள் நேசிக்கும் ஒன்றை இக்காலத்தவர் முன் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பு அதில் இருக்கிறது. ஆனால் அது உண்மையல்ல என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அம்மாவுக்கு அந்த மூன்று நாளும் ஓய்வு கிடைக்கவில்லை. தொழுவத்தைக் கூட்டினாள், முற்றத்தில் நெல் காயவைத்துக் காவல் இருந்தாள், ஓலை முடைந்தாள். விலக்கப்பட்டது அவள்தான், வேலை விலக்கப்படவில்லை. ஓய்வுக்காக என்றால் நோய்ப்பட்ட ஆணையும் திண்ணையில் அல்லவா கிடத்தியிருக்க வேண்டும்?

இந்த விளக்கங்களில் எனக்குள்ள பெரிய வருத்தம் இன்னொன்று. நம்பிக்கைக்கு ஆய்வகச் சான்றிதழ் வாங்கித் தர முனையும்போது, கதை நம்மிடம் கேட்கும் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். நீ யாருக்கு என்ன செய்தாய் என்று சுசீந்திரத்துக் கதை கேட்கிறது. அதற்குக் காந்தப் புலத்தைப் பற்றிய பதில் ஏதும் உதவாது. பரிகாரம் என்ற சொல்லுக்கும் இன்று இதே நிலைதான் வந்திருக்கிறது. ரசீது வாங்கி, நெய்விளக்கேற்றி, வலம்வந்து முடித்துவிடலாம். யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர் வீட்டு வாசலுக்குப் போக வேண்டியதில்லை. இந்திரன் விட்டுவைத்த குறையை நாமும் அப்படியே விட்டுவைக்கிறோம்.

2018 செப்டம்பர் 28-ஆம் நாள் சபரிமலையில் எல்லா வயதுப் பெண்களையும் அனுமதிக்கலாம் என்று உச்சநீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தபோது, எல்லைக்கு இப்பாலும் எங்கள் தேநீர்க் கடைகளில் அதைத் தவிர வேறு பேச்சு இல்லை. நான் ஏழு முறை மாலை போட்டு மலையேறியவன். நாற்பத்தொரு நாள் நாவையும் கண்ணையும் அடக்கி இருப்பதுதான் அந்த விரதத்தின் உயிர் என்று என் குருசாமி சொல்லித் தந்தார். அந்த நாட்களில் நான் கேட்ட வாதங்களிலோ விரதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெண்ணின் உடம்பைப் பற்றி மட்டுமே பேசினார்கள். எனக்குக் கூசியது.

மாற்ற முடியாது என்று சொல்கிறவர்களுக்கு எங்கள் மாவட்டத்தின் நவராத்திரி ஊர்வலத்தைக் காட்ட வேண்டும் என்று தோன்றும். ஆண்டுதோறும் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரசுவதி யானை மேலும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலும் திருவனந்தபுரம் புறப்படுகிறார்கள். 1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தபோது, அந்தப் பாதையின் குறுக்கே மாநில எல்லை வந்துவிட்டது. ஊர்வலம் நிற்கவில்லை. அரசரின் உடைவாளை இரு மாநிலத்தாரும் கூடிநின்று கைமாற்றுகிறார்கள். களியக்காவிளையில் கேரளக் காவல்துறையினர் மரியாதை அணிவகுப்போடு தெய்வங்களை வரவேற்கிறார்கள். துப்பாக்கி ஏந்திய காவலர்கள் நங்கையின் பல்லக்குக்கு முன் விறைப்பாக நிற்கும் அந்தக் காட்சி எந்த ஆகமத்தில் இருக்கிறது? ஆனாலும் எவருக்கும் அது பிழையாகத் தோன்றவில்லை. எனக்கும் ஒவ்வோர் ஆண்டும் கண் நிறைகிறது. அரசியல் வரைபடம் மாறியதற்கு ஏற்பச் சடங்கை இவ்வளவு அழகாக மாற்றத் தெரிந்தவர்களுக்கு, மனிதரின் மானத்துக்காக மாற்றத் தெரியாமல் போகாது.

2024 டிசம்பர் இறுதியில், கேரளத்தில் நாராயண குருவின் பெயரால் நடக்கும் சிவகிரித் தீர்த்தாடன மேடையில், கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றும் வழக்கத்தை விட்டுவிடலாம் என்று சிவகிரி மடத்தின் தலைவரே சொன்னார். பூணூல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வந்த வழக்கம் அது என்பது அவருடைய கருத்து. எங்கள் பக்கத்துக் கோயில்களிலும் அந்த வழக்கம் இருக்கிறது. நான் இப்போதும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். எனக்கு அது பணிவாகவே பழகிவிட்டது. ஆனால் அடுத்தவரின் வெற்றுத்தோளைப் பார்க்கும்போது, முன்பு இந்தத் தோளில் எதைத் தேடினார்கள் என்ற நினைவு இப்போது கூடவே வருகிறது.

சென்ற மார்கழியில் தேரோட்டத்துக்கு மறுநாள், திருவாதிரைத் தரிசனம் முடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட பயணம் அது. அவருக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. பேத்தி செவிலியர் படிப்பு முடித்து வளைகுடாவில் இருக்கிறாள். வீட்டுக்கு ஓடு மாற்றிக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் ஆயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக அவரை 'அம்மா' என்று கூப்பிட்டேன். உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனவர் எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். அதை என் கையில் தராமல், திண்ணையில் என் பக்கத்தில் வைத்துவிட்டுச் சற்று விலகி நின்றார். நான் எடுத்து, அண்ணாந்து குடிக்காமல், வாய்வைத்துக் குடித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சிரட்டையைப் பற்றிப் பேச்செடுத்தேன். நான் ஊற்றிய தண்ணீரைப் பற்றியும், ஒரு சாண் உயரத்தைப் பற்றியும், அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்றும் சொன்னேன். எப்படிச் சொல்லி முடித்தேன் என்று நினைவில்லை. அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, நான் கேட்டதற்குத் தொடர்பே இல்லாததுபோல, என் அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். "உனக்க அம்மை தூரமா இருக்க மூணு நாளும் எனக்க பக்கத்துலதான் இருப்பா, கேட்டியா. அந்தத் திண்ணையில ரெண்டு பேரும். கெழவி சாப்பிட்டுக் கண்ணசந்ததும் எனக்க சிரட்டையத் தூக்கி அந்தால வீசிருவா. அவளுக்க செம்புலதான் ரெண்டு பேரும் கஞ்சித்தண்ணி குடிப்போம். ஒரு வாய் அவ, ஒரு வாய் நான். நீங்க எல்லாரும் தேருக்குப் போன அன்னைக்கும் அப்படித்தான்."

அம்மா இறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. இதைப் பற்றி அவள் ஒருபோதும் என்னிடம் சொன்னதில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறித் தேடினேன். உருளிகளுக்கும் பழைய நாழிக்கும் அடியில், வாய் நெளிந்த அந்தப் பித்தளைச் செம்பு பச்சை பிடித்துக் கிடந்தது. கிணற்றடியில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்தேன். விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது என்று மனைவி இரண்டுமுறை கூப்பிட்டாள்.